ஊதாக்கரைப் பூவும் கலியாண இறைச்சியும்

மண் கலக்கும் விதமும் பூச்சாடி மாற்றும் விதமும், வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற உங்களுக்கு யோகேஸ்வரி, எங்கள் யோகா, காட்டித் தருவா. அதில் அவவைவிட நல்லாய்ச் சொல்ல என்னால் ஏலாது. காரைதீவில் இருந்து காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, என்னோடு சேர்ந்து இந்த நர்சரியை நட்டு வளர்த்தவ அவதான். நான் ஓய்வெடுத்துப் போய்விட்டேன், அவ இன்னும் நிற்கிறா. நான் இன்றைக்கு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு காலைப்பொழுதைச் சொல்லத்தான். அந்தக் காலையில் ஒரு பூ நாறியது. அதனால் ஒரு கலியாணமும் ஒரு சமையல்காரரின் பேரும் கெட்டுப்போகப் பார்த்தன.

அன்னாசி லில்லியை உங்களில் பலர் பூவோடு பார்த்திருக்கமாட்டீர்கள். கிழங்கு பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும். முதலில் அகலமான இலைகள் வரும். பிறகு நடுவில் இருந்து தடித்த தண்டொன்று எழும்பும். அந்தத் தண்டைச் சுற்றி நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கள், கீழிருந்து மேலாக விரிந்துகொண்டே போகும். எல்லாவற்றுக்கும் உச்சியில், அன்னாசிப் பழத்தின் தலையில் இருக்கிற மாதிரியே, சின்ன இலைகளால் ஒரு கொண்டை. அந்தக் கொண்டையைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் போனதை நான் கண்டதில்லை. முதல்முதலாக இங்கே பூத்தபோது சாய்ந்தமருதில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எப்போது பழுக்கும் என்று கேட்டார்கள். இது தின்கிற சாமான் இல்லை, பூ மட்டும்தான் என்று சொன்னால் முகம் சுருங்கும். போகும்போது திரும்பி இன்னொரு தரம் பார்ப்பார்கள், அப்போது முகம் மலரும். அந்த இரண்டாவது பார்வைக்காகவே இந்தத் தொழிலில் கிடக்கலாம், பிள்ளைகள்.

கிழங்குகளை எங்களுக்குத் தந்தவர் மலைநாட்டில் பங்களாத் தோட்டமொன்றைப் பார்த்துக்கொண்ட ஒரு மனிதர். கிழங்கைக் கையில் தந்துவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அது தூங்குறப்போ தண்ணி ஊத்தாதீங்கக்கா." நான் தலையாட்டிவிட்டு வந்து, முதல் வருசமே மாரி மழையில் நிலத்தோடு விட்டுவிட்டேன். தோண்டிப் பார்த்தபோது பாதிக் கிழங்கு கூழாகி விரலில் ஒட்டியது. அதற்குப் பிறகு மாரி தொடங்க முன்னமே கிளப்பி, காய்ந்த மணலில் போட்டு உள்ளே வைத்துவிடுவோம். மழை ஓய்ந்த பிறகு நடுவோம். எங்கள் கடற்கரை மணல் அதற்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேங்காத மண்ணைத்தான் அது கேட்கிறது. அது எங்களிடம் அள்ள அள்ளக் கிடக்கிறது.

மூன்று வகை இருந்தது. வெள்ளையும் பச்சையும் கலந்த பூ ஒன்று, அதை வெள்ளை என்றே சொன்னோம். இரண்டாவதில் இலையே கருஞ்சிவப்பாக இருக்கும், பூ ரோசாவும் ஊதாவும் கலந்த நிறம். வெயிலில் அந்த இலையைப் பார்த்தால் யாரோ எண்ணெய் பூசித் துடைத்துவிட்ட மாதிரி மினுங்கும். மூன்றாவதுதான் எனக்கு உயிர். வெளிர்பச்சை இதழ், அதன் விளிம்பைச் சுற்றி ஊதாவில் மெல்லிய கோடு. சேலைக்குக் கரை பிடித்த மாதிரி. நானும் யோகாவும் அதற்கு ஊதாக்கரை என்று பேர் வைத்தோம். மலைநாட்டு மனிதரிடம் ஒரு பூவின் படத்தில்தான் அந்த இதழைக் கண்டிருந்தோம். அதில் எங்களுக்குக் கிடைத்தது குஞ்சுக் கிழங்குகள் என்றபடியால், மற்ற இரண்டும் பூத்துத் தள்ளியபோதும் ஊதாக்கரை இலை மட்டும் விட்டுக்கொண்டு இருந்தது. பிறகு ஒரு வருசம், எல்லாச் சாடியிலும் ஒன்றாகத் தண்டு விட்டது. நான் யோகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சாடியாகக் காட்டினேன். ஏதோ நானே பெற்ற மாதிரி.

அந்த வருசம்தான் ஷிபானாவின் கலியாணம் வந்தது. ஷிபானா பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அவளுடைய உம்மா றபியா ராத்தா எங்கள் வீட்டுக்குப் பின்வளவு. எங்கள் ஊர் மண்டபங்களில் மேடைக்கு வைப்பது பிளாஸ்டிக் பூ. ஷிபானா உயிர்ப்பூதான் வேண்டும் என்று நின்றாள். நர்சரிக்கு வந்து, மொட்டோடு வரிசையாக நின்ற அன்னாசி லில்லிகளைப் பார்த்தவள், வேறு எதையும் பார்க்காமல் இவைதான் என்று சொல்லிவிட்டாள். றபியா ராத்தாவுக்கு மனமில்லை. சாடியோடு கொண்டுவந்து மேடையில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டா. மகளுக்காக விட்டுக்கொடுத்தா. எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. எங்கள் கையால் வளர்ந்தது கலியாண மேடை ஏறப்போகிறது என்றால் சும்மாவா.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் சின்னப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடையில் மூன்று வகையையும் கலந்து அடுக்கினோம். புதுசாகப் பூக்கிறது, வடிவு கூட என்று ஊதாக்கரையை முன்வரிசையில் நிறைய வைத்தேன். அடியில் ஒரு சில பூக்கள்தான் அப்போது விரிந்திருந்தன. நர்சரிக்குப் பக்கத்தில் கருவாடு காய்கிற வாடி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றுக்குள் வேலை செய்கிற எங்கள் மூக்குக்கு வேறொரு வாசமும் பிடிபடவில்லை. மண்டபக் கதவுகளைப் பூட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை நானும் யோகாவும் தண்ணீர் தெளிக்கப் போனபோது கதவுகள் திறந்திருந்தன. வாசலில் றபியா ராத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றா. கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலம், காலையிலேயே அனல். உள்ளே கால் வைத்ததும் எனக்கும் அடித்தது. இறைச்சி பழுதான நாற்றம். லேசாகத்தான், ஆனால் பிழையில்லாமல் அதேதான்.

மண்டபத்துக்குப் பின்னால் குசினி. அங்கே ஹனிபா காக்கா புரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில், ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் விருந்தில் அவர் கை பட்ட சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காத ஆளில்லை. றபியா ராத்தா அவரிடம் போய் இறைச்சி பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டா. அவர் மறுத்தார். காலையில் அறுத்தது, தன் கையால் கழுவியது என்றார். மூடிகளைத் திறந்து காட்டினார். ராத்தாவுக்கு மூக்கில் ஏறிய நாற்றம் இறங்கவில்லை. எந்தச் சட்டியைத் திறந்தாலும் அதே நாற்றம் அடிக்கிற மாதிரித்தான் அவவுக்கு இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை வைத்து யாருக்காவது வயிற்றுக்கு ஏதும் வந்தால் மகளின் வாழ்க்கை என்னாவது என்பது அவவுடைய பயம். அதில் பிழை சொல்ல ஏலாது. தம்பிமாரைக் கூப்பிட்டு, பின்வளவில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைக்கச் சொன்னா. கடைச் சாப்பாடு எடுக்கலாம் என்றா.

மாப்பிள்ளை பொத்துவில் ஆள். அந்த நேரத்தில்தான் கோல் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வருகிற வான்கள் வினாயகபுரம் தாண்டிவிட்டனவாம்.

ஹனிபா காக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியில் குந்தியிருந்தார். இறைச்சியைப் புதைத்த சமையல்காரர் என்று ஒரு தரம் பேர் வந்தால் கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நான் குசினி வாசலில் நின்றேன். அங்கே நிற்க நிற்க ஒரு விசயம் எனக்குப் பொருந்தவில்லை. கழுவி வைத்த இறைச்சிச் சட்டிகள் கிடக்கின்றன, நாறிய இறைச்சியை மொய்க்கிற ஈ, எங்கள் இலையான், ஒன்றிரண்டுதான் பறக்கிறது. மண்டபத்துக்குள் வரும்போது முகத்தில் எத்தனையோ மோதினவே. நான் திரும்பி மேடைக்கு ஓடினேன். என் வயதுக்கு அப்படி ஓடியிருக்கக் கூடாது. முன்வரிசையில் ஊதாக்கரை முழுக்க விரிந்திருந்தது. பூட்டிய மண்டபத்துப் புழுக்கத்தில் அடியில் இருந்து பாதித் தண்டு வரைக்கும் பூத்துத் தள்ளியிருந்தது. யா அல்லாஹ், என்ன வடிவு. ஒவ்வொரு பச்சை நட்சத்திரத்திலும் ஒரு இலையான் நடந்துகொண்டிருந்தது.

குனிந்து முகர்ந்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்தேன். யோகாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவவும் இழுத்துக்கொண்டா. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருசம் காத்திருந்து பூத்த பூ பழுதான மாட்டிறைச்சி மாதிரி நாறுகிறது.

என்னையும் ராத்தா என்றே கூப்பிடுகிற யோகா மெல்லச் சொன்னா: "ராத்தா, தண்ணி ஊத்துற மாதிரிக் காட்டி இதுகள வெளிய எடுப்பம். ஆருக்கும் தெரியாது."

அவ சொன்னதில் நியாயம் இருந்தது. பூ போனால் நாற்றமும் போகும். கலியாணம் நடக்கும், நர்சரியின் பேரும் தப்பும். ஆனால் பின்வளவில் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. சட்டிகள் குழிக்குள் போன பிறகு நாற்றம் நின்றால், இறைச்சிதான் நாறியது என்று ஊர் உறுதியாகவே நம்பும். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகள். அவசரத்தில் கை முந்தும். சாடியைத் தூக்கத்தான் தோன்றும். தூக்க முன்னம் வாயைத் திறக்க வேண்டிய நேரங்கள் உண்டு.

நான் நேராகப் பின்வளவுக்குப் போய் மண்வெட்டிக்கு முன்னால் நின்றேன்.

"ராத்தா, இறைச்சியில ஒரு பிழையும் இல்ல. மணக்கிறது எங்கட பூ."

றபியா ராத்தா நம்பவில்லை. பூ எப்படி இறைச்சி மாதிரி மணக்கும், ஹனிபாவைக் காப்பாற்றக் கதைக்கிறாய் என்றா. நான் அவவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு ஊதாக்கரைச் சாடியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். முந்தானையை எடுத்து முகர்ந்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டா. பிறகு தம்பிமாரைப் பார்த்துக் குழியை மூடி, சட்டிகளை ஹனிபா காக்காவிடம் கொடுக்கச் சொன்னா. அடுத்த மூச்சில் என்னைப் பார்த்து, இந்தப் பூ எல்லாவற்றையும் இப்பவே வெளியே எறி என்றா.

வான்கள் அக்கரைப்பற்று தாண்டிவிட்டதாகக் கோல் வந்தது.

எல்லாவற்றையும் எறிந்தால் மேடை மொட்டை. அந்த நேரத்தில் பிளாஸ்டிக் பூவுக்குக்கூட எங்கே போவது. கொஞ்ச நேரம் தாருங்கள், எது நாறுகிறது என்று பார்த்துப் பிரித்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். யோகாவும் நானும் ஒவ்வொரு சாடியாக முகர ஆரம்பித்தோம். சில சாடிகள் தாண்டியதும் விளங்கிவிட்டது, இது சரிவராது. மூக்கு களைத்துவிட்டது. வெள்ளையும் நாறுகிற மாதிரி இருந்தது, கருஞ்சிவப்பும் நாறுகிற மாதிரி இருந்தது, என் சேலையும் நாறியது. யோகா அழுகிற நிலைக்கு வந்துவிட்டா. எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்றா.

நான் மேடைப் படியில் உட்கார்ந்தேன். நேரம் போய்க்கொண்டிருக்கும்போது உட்காருவது பைத்தியம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டு யோசிக்க எனக்கு ஒருநாளும் ஏலாது. உட்கார்ந்ததும் ஒன்று தெளிந்தது. எல்லாச் சாடியையும் முகரத் தேவையில்லை. இருப்பது மூன்று வகை. வகைக்கு ஒன்று போதும். ஒவ்வொரு வகையிலும் ஒரு சாடியை வெளியே கொண்டுபோனோம். மூன்றையும் முற்றத்தில் ஒன்றுக்கொன்று எட்ட வைத்தோம். கச்சான் காற்றில் நின்று மூக்கைக் கொஞ்சம் ஆறவிட்டோம். அதற்குப் பிறகு குனிந்தோம்.

வெள்ளையில் லேசான இனிப்பு. கருஞ்சிவப்பில் தேங்காய்ப்பால் அடுப்பில் சூடேறும்போது வருகிற மாதிரி ஒரு மணம். அதை நான் அதுவரைக்கும் கவனித்ததே இல்லை, கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஊதாக்கரைக்குக் குனியவே தேவையிருக்கவில்லை.

பிறகு மூக்குக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான். இதழில் ஊதாக்கரை இருந்தால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. ராத்தாவின் தம்பிமார் குழி தோண்டிய கையால் சாடி தூக்கினார்கள். எங்கே வைப்பது என்று கேட்டபோது கடல் பக்கம் வையுங்கள் என்றேன். கச்சான் தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அது நாற்றத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடும். இலையான்களும் சாடிகளோடு ஊர்வலமாகப் போயின.

வான்கள் நிந்தவூருக்கே வந்துவிட்டன என்றார்கள். மேடை முன்வரிசை பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்தது. அப்போது ஹனிபா காக்கா வந்தார், இரண்டு கையிலும் அன்னாசிப் பழங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டிக் கொடுக்க வைத்திருந்தவை, கொண்டையோடு முழுசாக. போய் இடைவெளியில் ஒன்றை வைத்தார், எட்ட நின்று பார்த்தார், மற்றதை வைத்தார். நான் யோகாவைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் குசினிக்கு ஓடினோம். பழங்களைக் கொண்டுவந்து வெள்ளைக்கும் கருஞ்சிவப்புக்கும் நடுவில் நடுவில் வைத்தோம். பூவின் கொண்டையும் பழத்தின் கொண்டையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. எந்தக் கை எதைப் படைத்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாத மாதிரி ஒரு மேடை. நான் எத்தனை நாள் திட்டம் போட்டிருந்தாலும் அப்படி ஒன்றை அடுக்கியிருக்கமாட்டேன்.

இந்த நேரத்தில் ஷிபானா மணப்பெண் அறையில் இருந்து பாதி அலங்காரத்தோடு வெளியே வந்துவிட்டாள். உம்மா ஏச ஏசக் கேட்காமல் பின்பக்கம் போய், கடலோரம் வைத்த ஊதாக்கரையிடம் குனிந்தாள். நான் பயந்துபோய்ப் பின்னால் போனேன், பிள்ளையின் நாளைக் கெடுத்துவிட்டேன் என்று. அவள் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, இது இலையானக் கூப்பிடுறதுக்குத்தான் இப்பிடி மணக்குது. எங்களுக்காகப் பூக்கல்ல. இதில ஒண்ட என்ட கிளாசுக்குத் தாங்க."

வான்கள் வந்தன. பொத்துவில் ஆட்கள் மேடையைச் சுற்றி நின்று எது பூ, எது பழம் என்று பந்தயம் பிடித்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பழமென்று நினைத்துப் பூவையும், பூவென்று நினைத்துப் பழத்தையும் தொட்டுப் பார்த்தார். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, இந்த இறைச்சியை யார் ஆக்கியது என்று விசாரித்து, ஹனிபா காக்காவைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். றபியா ராத்தா பக்கத்தில்தான் நின்றா. அவ ஒரு சகன் தட்டில் முதல் தரமான இறைச்சித் துண்டுகளைப் போட்டு, இறைச்சி ஆக்கியவருக்குத் தன் கையால் கொண்டுபோய் வைத்தா. அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேசம் எதற்கும் அவரைத் தவிர யாரும் அடுப்பு மூட்டவில்லை.

ஒரு செடியைப் பூ வர முன்னம் இலையில் வாங்கி இலையில் கொடுக்காதீர்கள் என்று அதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது ஒருதரம் பூத்து முடியும் வரைக்கும் அதைப் பற்றி உங்களுக்குப் பாதிதான் தெரியும். வகை என்றால் நிறம் மட்டும் என்று நினைத்தேன் நான். வகைக்கு மணம் இருக்கிறது, வகைக்குத் தனி விருந்தாளிகள் இருக்கிறார்கள். ஊதாக்கரை இப்போதும் நாங்கள் கொடுக்கிறோம், மறைக்காமல் சொல்லித்தான் கொடுக்கிறோம். வீட்டு வாசலில் வைக்க வேண்டாம், வேலியோரம் வையுங்கள் என்போம். நாறும் என்று சொன்ன பிறகுதான் சிலருக்கு அதன்மேல் ஆசை வருகிறது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. கலியாணம் முடிந்து சாடிகள் திரும்பி வந்தபோது பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. வாடிய தண்டை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம், கிழங்கு பலமாக இருக்கட்டும் என்று. யோகா கத்தரிக்கோலோடு நின்றா. ஷிபானா தன் சாடியை எடுக்க மாப்பிள்ளையோடு வந்தவள், எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம் என்றாள். அன்றைக்கு இத்தனை இலையான் ஏறி இறங்கினவே, ஏதாவது நடந்திருக்கும், பார்ப்போம் என்றாள். ஊதாக்கரையில் சிலவற்றை விட்டோம். காய்கள் ஊதின, காய்ந்தன, வெடித்தன. உள்ளே மிளகளவில் கறுத்து மினுங்குகிற விதைகள். மணலில் விதைத்தோம். புல்லு மாதிரி முளைத்தன. மாரிக்கு மாரி கிளப்பி உள்ளே வைத்து, திரும்ப நட்டு, இலையை மட்டும் பார்த்துக்கொண்டு வருசங்கள் போயின. நான் ஓய்வும் எடுத்துவிட்டேன்.

அந்த நாற்றுகளில் அநேகமானவை தாய் மாதிரியே பச்சை. ஒன்று மட்டும் சிவந்த இலையோடு வளர்ந்தது. மேடையில் ஊதாக்கரைக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பு நின்றது. அதன் மகரந்தத்தை இலையான் கொண்டுபோனதா, தேனீ கொண்டுபோனதா, சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்கு ஏலாது. இரண்டு வகையும் கலந்து புதுசாக ஒன்று பிறந்திருக்கிறது, இந்தத் தோட்டத்தில்தான். வேறெங்கும் இந்தச் செடியைப் போல் ஒன்று நிற்பதாக நான் கேள்விப்படவில்லை.

போன கிழமை யோகா கோல் எடுத்தா. தண்டு விட்டிருக்கு ராத்தா என்று மட்டும் சொன்னா. நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். வாருங்கள், எழும்புங்கள், இந்தப் பக்கம்தான். சிவந்த இலைக்கு நடுவில் பாருங்கள், மொட்டின் நுனியில் ஊதாக் கோடு தெரிகிறதா. இன்னும் ஒன்றும் விரியவில்லை. தேங்காய்ப்பால் மணக்குமா, இறைச்சி மணக்குமா என்று யாருக்கும் தெரியாது. யோகா தேங்காய்ப்பால் என்கிறா. ஹனிபா காக்கா நேற்று வந்து பார்த்துவிட்டு இறைச்சிதான் என்று சொல்லிப் போனார். ஷிபானா, கிளாசில் பாதிப் பிள்ளைகள் ஒரு பக்கம், பாதிப் பிள்ளைகள் மறுபக்கம் என்கிறாள்.

இரண்டொரு நாளில் அடிப்பூ விரியும். விரிகிற நேரத்தில் இங்கே நிற்கப்போவது நானில்லை, நீங்கள்தான். யார் முதலில் கண்டாலும் மற்றவர்களைக் கூப்பிட முன்னம் தனியாகக் குனிந்து நல்லாய் முகர்ந்து பாருங்கள். பிறகு எனக்குக் கோல் எடுங்கள். நான் சந்தோசப்படுவேன் என்று நினைத்து எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம். மூக்கு என்ன சொன்னதோ அதையே சொல்லுங்கள்.